நடுத்தரத்துக்கு மட்டும் விடுதலை

ஜூனோ, அலாஸ்கா
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

"போட்டோவில் இருக்கிற மீனை என்னடா பண்ணினே?" என்று கேட்டிருந்தீர்கள். கடலிலேயே விட்டுவிட்டோம். திட்டுவதற்கு முன்னால் முழுக்கப் படியுங்கள்.

அது ஹாலிபட். நம் எருமை நாக்கு மாதிரி தட்டை மீன்தான். ஆனால் இருநூறு கிலோ தாண்டியும் வளரும். குஞ்சில் பக்கத்துக்கு ஒரு கண். வளர வளர இடக்கண் நகர்ந்து வலப்பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். அதன் பிறகு ஆயுசு முழுக்கக் கடலடியில் படுக்கைதான்.

படுத்திருப்பவரை எழுப்ப நாம்தான் கீழே போக வேண்டும். இருநூறு, முந்நூறு அடி ஆழம். ஒரு கிலோவுக்கு மேல் ஈயக்குண்டு கட்டி, அது தரையில் தட்டியதும் கொஞ்சம் தூக்கிப் பிடிக்க வேண்டும். இரைக்கு ஹெர்ரிங், சால்மன் தலை, பேய்க்கணவாய். பேய்க்கணவாய்த் தோல் கெட்டி என்பதால் பொடி மீன்கள் கொத்திப் பிடுங்க முடியாது. இங்கே ஏற்றத்துக்கும் வற்றுக்கும் சில நாள் ஆறு மீட்டரைத் தாண்டியும் வித்தியாசம். ஓட்டம் வேகமானால் ஈயம் தரையிலேயே நிற்காது. அதனால் ஓட்டம் தணிகிற நேரம் பார்த்து நங்கூரம் போட்டு உட்கார்ந்துவிட வேண்டும். இரை வாடை நீரோட்டத்தோடு போய் மீனைக் கூட்டிக்கொண்டு வரும்.

நீங்கள் சொல்லிக்கொடுத்த 'கடிச்சதும் சுண்டு' இங்கே செல்லாது. முள் முக்கால் வட்டமாக வளைந்திருக்கும். சுண்டினால் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிடும். மீன் இரையோடு திரும்பி நடக்கட்டும் என்று சும்மா இருக்க வேண்டும். முள் தானாக வாயோரத்தில் மாட்டிக்கொள்ளும். அப்புறம் மெதுவாகச் சுற்ற வேண்டியதுதான். 'சும்மா இருடா' என்று நீங்கள் இருபது வருஷம் சொல்லியும் வராதது, படகுத்தலைவர் இரண்டு முறை முறைத்ததும் வந்துவிட்டது.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். தலைவரோடு படகை வாடகைக்கு எடுத்துப் போனால் இந்தக் கடல் பகுதியில் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரே ஹாலிபட். அதுவும் ஒன்று, வருஷா வருஷம் மாறுகிற ஒரு கீழ் அளவுக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் 80 அங்குலமாவது இருக்க வேண்டும். நடுவில் மாட்டினால் விட்டுவிட வேண்டும். நடுத்தரக் குடும்பத்துக்குச் சலுகை காட்டுகிற சட்டத்தை ஜென்மத்தில் இங்கேதான் பார்த்தேன்!

அளக்கிற விதம் அதைவிட வேடிக்கை. வாயை மூடி, கீழ்த்தாடை நுனியிலிருந்து வாலின் நடு விளிம்பு வரை, நேர்கோட்டில். துள்ளுகிற மீனிடம் 'கொஞ்சம் வாயை மூடுங்க' என்று யார் சொல்வது? விடப்போகிற மீனைக் காயப்படுத்தவும் கூடாது. ஆகவே படகோரத்தில், தண்ணீரிலேயே வைத்து, தையல்காரர் தோரணையில் அளந்தார்கள். நம்மாள் சுத்த நடுத்தரம். போட்டோவுக்கு மட்டும் முகம் காட்டிவிட்டுப் போனார்.

80-ஐத் தாண்டினால் நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். அநேகமாகப் பெண் மீன்தான். அதைப் படகுக்குள் ஏற்றும் முன்பே ஈட்டி எறிவார்கள், சிலர் துப்பாக்கியால் சுடுவார்கள். வாலடியில் கால் எலும்பு போய்விடும் என்று பயம். மீன் பிடிக்கத் துப்பாக்கி என்றால் நம் கடற்கரையில் யார் நம்புவார்கள்?

இன்னொன்று கேளுங்கள். அளவுக்கு உட்பட்ட மீனைப் படகில் வெட்டினால், தலையும் வாலும் ஒட்டிய முழு எலும்புக்கூட்டையும் சதைத் துண்டுகள் கரை இறங்குகிற வரை கூடவே வைத்திருக்க வேண்டும். மதியம் எனக்குக் கிடைத்த சின்ன மீனின் எலும்புக்கூடு டிக்கெட் வாங்கிய பயணியாக என்னோடு துறைமுகம் வந்தது. சின்ன ஹாலிபட்டை இவர்கள் 'கோழி' என்கிறார்கள். கோழி பிடிக்கத்தான் இத்தனை குளிர், மழை, வாந்தி.

இதெல்லாம் காரணமில்லாமல் இல்லை. அமெரிக்காவும் கனடாவும் 1923-இல் ஒப்பந்தம் போட்டு இந்த மீனுக்கென்றே ஓர் ஆணையம் வைத்திருக்கின்றன. வாடகைப் படகுகளுக்கு ஒதுக்கிய பங்குக்குள் பிடிப்பு அடங்க வேண்டும். ராட்சத மீன் கனவோடு காசு கட்டுகிறவனுக்கும் ஆசை காட்ட வேண்டும். அதுவரை சரி. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் சொந்தப் படகில் போய் எந்த அளவிலும் இரண்டு எடுத்து வருகிறார். படகு உள்ளவனுக்கு இரண்டு, இல்லாதவனுக்கு ஒன்று. இது மட்டும் எனக்குச் செரிக்கவில்லை.

கரையில் தலையைக் கேட்டு வாங்கினேன். கன்னச் சதையை மட்டும் நோண்டி எடுத்துவிட்டுத் தூக்கிப் போடப் பார்த்தார்கள், பாவிகள். குழம்பு வைத்தேன். தலை நன்றாக இருந்தது, குழம்புதான் சரியில்லை. கடை மிளகாய்த்தூளில் நிறம் வருகிறது, சித்தி கை வரவில்லை. இந்த மீனில் கொழுப்பும் குறைவு, அடுப்பில் கொஞ்சம் அதிகம் நின்றால் சக்கையாகிவிடுகிறது. எப்போது போட்டு எப்போது இறக்குவது என்று சித்தியிடம் கேட்டு எழுதுங்கள்.

மச்சான் டிசம்பரில் வருகிறான். குழம்புத்தூள் ஒரு கிலோ அரைத்து அவன் பெட்டியில் போட்டுவிடுங்கள். புளி வேண்டாம், சியாட்டிலில் கிடைக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்