பன்னாட்டு வணிகப் பட்டத்தின் பண மதிப்பு

பன்னாட்டு வணிகப் பட்டத்தின் பண மதிப்பு என்பது, அதனால் கூடும் சம்பளத்திலிருந்து கட்டணம், வட்டி, படித்த காலத்தில் இழந்த வருமானம் மூன்றையும் கழித்தால் மிஞ்சுவது, மிஞ்சினால். லண்டன் படிப்புக்கு 30 லட்சம் கடன், வட்டி 10 சதவீதம் என்றால், அசலைத் தொடாமலே மாதம் 25,000 ரூபாய். பழைய வருமானவரி முறையில் இந்த வட்டிக்கு 8 ஆண்டு வரை கழிவு உண்டு. கழிப்பதற்கு வருமானமும் வேண்டும். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணியோ, முதுகலை எதுவும் முடிக்காமலே கப்பலேறுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு வாங்கியது. இருந்தும் சீக்கிரம் கெட்டுவிடும். பட்டம் கெடாது. கல்யாணத் தரகர் ஜாதகத்தோடு சேர்த்து ‘ஃபாரின் படிப்பு’ என்று சொல்லும்போது ஏறும் விலை, எந்த வங்கிப் பேரேட்டிலும் வராத தனி வரவு.