பிக்கப் சரியில்லை

வெள்ளிக்கிழமை அல்லாத ஒரு நாளில் எங்கள் மாடிப்படியில் சாம்பிராணி வாசம் அடித்தால், மூன்றாம் மாடிக்காரர் கிட்டாரைப் பிரித்துவிட்டார் என்று அர்த்தம். சால்டரிங் அயர்ன் நுனியில் ரோசின் புகையும் வாசம் அது. உள்ளே போனால் சாப்பாட்டு மேஜையில் பழைய துண்டை விரித்து எலெக்ட்ரிக் கிட்டாரை மல்லாத்தியிருப்பார். கம்பிகள் கழன்று ஓரமாய்ச் சுருண்டு கிடக்கும். முகப்புத் தகட்டின் 11 திருகுகளும் ஒரு டவராவில் இருக்கும். அன்றைக்கு அந்த வீட்டில் ஒரு ஆளுக்குக் காபி டம்ளரில் மட்டும்தான்.

"என்ன சார் ஆச்சு?"

"பிக்கப் சரியில்ல சார்."

போன மாதமும் இதையேதான் சொன்னார். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அவருடைய மாமனார் இதைக் கேட்டுக் கவலைப்பட்டு, "மாத்துங்க மாப்ள, வேணாங்கல. ஆனா மைலேஜ் அடிபடாதா?" என்றார்.

மாப்பிள்ளை பொறுமையாக விளக்கினார். உள்ளே காந்தம். அதைச் சுற்றித் தலைமுடி கனமே உள்ள செப்புக் கம்பி, சுமார் 8,000 சுற்று. மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் அசையும், சுருளில் மின்சாரம் பிறக்கும், அது ஆம்ப்ளிஃபயருக்குப் போய்ச் சத்தமாக வெளியே வரும். மாமனார் முழுவதும் கேட்டுவிட்டு, "அட, நம்ம சைக்கிள் டைனமோ!" என்றார். ஒரு வகையில் சரிதான். ஆனால் கடல் தாண்டி வந்து, சுங்கவரியும் கட்டிய பொருளை ஒருவர் டைனமோ என்றால் மனசு கேட்குமா? இரண்டு நாள் மாமனாரோடு பேச்சு இல்லை.

இவரைப் போன்றவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள், மென்பொருள் கம்பெனிக்காரர்கள், கல்லூரிக் காலத்தில் மேடையேறியவர்கள். ரிச்சி தெருவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் 250கே பாட் எந்தக் கடையில் கிடைக்கும், 500கே எந்தக் கடையில் கிடைக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு பாட்டை முழுசாக வாசியுங்கள் என்றால் மட்டும், "இன்னும் டோன் செட் ஆகல" என்பார்கள்.

நடைப்பயிற்சியில் அவர் பேசுவது முழுக்க எண்தான். மல்டிமீட்டர் வைத்துச் சுருளின் மின்தடையை அளந்து மனப்பாடமாக வைத்திருப்பார். "7.8 இருந்துச்சு சார். இப்ப போட்டது 8.4" என்று ஒருநாள் என்னிடம் சொல்லிக்கொண்டு வந்தபோது, பின்னால் வந்த ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் தோளைத் தட்டி, "மூணு மாச ஆவரேஜா? வெந்தயத்தை ராத்திரியே ஊற வெச்சிடுங்க" என்றார். நம்மவர் அவருக்கும் விளக்கம் சொன்னார். கிலோ ஓம் கூடினால் சத்தம் தடிக்கும், ஆனால் மேல்ஸ்தாயி கொஞ்சம் மங்கும் என்று. மேலாளர் அனுதாபத்தோடு தலையாட்டினார்: "மங்கத்தான் செய்யும். கண்ணையும் ஒரு தடவை காட்டிடுங்க."

வரலாறும் அவருக்கு அத்துபடி. ஒற்றைச் சுருள் பிக்கப், வீட்டு மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொண்டு 'ஙொய்' என்று முனகும். இந்த 'ஹம்'முக்கு மருந்தாக இரண்டு சுருள்களை எதிரும் புதிருமாகச் சேர்த்து, 1955-ல் கிப்சன் கம்பெனியில் சேத் லவர் வடிவமைத்ததுதான் ஹம்பக்கர். காப்புரிமை கைக்கு வருவதற்குள் 'விண்ணப்பித்திருக்கிறோம்' என்று ஒரு ஸ்டிக்கரை அடியில் ஒட்டி விற்றார்கள். அந்தக் காலத்துச் சரக்குக்கு இன்று தங்கத்தின் மரியாதை. காப்புரிமை வந்த பிறகு ஒட்டிய ஸ்டிக்கரிலாவது சரியான எண் இருந்ததா என்றால், அதுவும் இல்லை. கிட்டார் கலைஞர் லெஸ் பால் பெயரில் இருந்த, கிட்டாரின் வால்பகுதிக்கான வேறொரு காப்புரிமை எண்ணை அச்சடித்துவிட்டார்கள். போதாததற்கு, ஆரம்ப காலத்தில் சுற்றுக்குச் சுற்று எண்ணாமல், சுருள் நிறைந்ததும் எந்திரத்தை நிறுத்திவிடுவார்களாம். அதனால் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. அன்றைக்குக் குத்துமதிப்பாகச் சுற்றியதை இன்றைக்குத் துல்லியமாகக் கணக்குப் போட்டு அதே குத்துமதிப்பில் சுற்றித் தருகிறார்கள். நம்மவர் அதில் இரண்டு வாங்கி வைத்திருக்கிறார்.

எடி வான் ஹேலனையும் அடிக்கடி சாட்சிக்கு இழுப்பார். ஒரு கிப்சனிலிருந்து பிக்கப்பைப் பிடுங்கி, மலிவான உடம்பு ஒன்றில் பொருத்தி, 1978-ல் வந்த முதல் ஆல்பத்தில் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தவர் அவர். பொருத்திய பிறகு வான் ஹேலன் வாசிக்கவும் செய்தார் என்ற பகுதியை மட்டும் நம்மவர் அவ்வளவாகச் சொல்வதில்லை.

பிக்கப் மேல் இவர்களுக்கு ஏன் இத்தனை மோகம்? என் கணிப்பு இது: கிட்டார் புதிதாக வாங்கினால் வீட்டுக்குத் தெரிந்துவிடும். ஆம்ப்ளிஃபயர் பீரோ மாதிரி இடத்தை அடைக்கும். பிக்கப் மட்டும்தான் வெள்ளையைக் கழற்றி வெள்ளையையே மாட்டினால் யாருக்கும் தெரியாத செலவு. "புதுசாங்க?" என்று மனைவி கேட்டால், "இல்லம்மா, அதே கிட்டார்தான்" என்று சத்தியமே செய்யலாம்.

ஆனால் அடுத்தவர் கிட்டார் என்றால் மனுஷர் வேறு ஆள். இரண்டாம் மாடிப் பையன் ஒருநாள், "அங்கிள், மேல போகப் போக சுருதி சேரல, பிக்கப் மாத்தணுமா?" என்று வந்து நின்றான். வாங்கிப் பார்த்தார். பிக்கப் கம்பிக்கு மிக நெருக்கமாக ஏறி நின்றிருந்தது. காந்தம் கம்பியைப் பிடித்து இழுத்ததில் வந்த கோளாறு. இரு பக்கத் திருகையும் இரண்டு சுற்று இறக்கினார். சரியாகிவிட்டது. "இதுக்கெல்லாமா செலவு பண்ணுவாங்க? போய் பிராக்டிஸ் பண்ணுடா" என்று அனுப்பிவைத்தார். இந்தத் திருகு தன் கிட்டாரிலும் இருப்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

ஒவ்வொரு பிக்கப்பையும் சோதிக்க அவரிடம் இருப்பது ஒரே ஒரு துணுக்கு. ஏ மைனர் பென்டடானிக், அதாவது நம் சுத்த தன்யாசியின் அதே ஐந்து சுரம். நாலாம் மாடிப் பாட்டு டீச்சர் என்னிடம் ஒருநாள் ரகசியமாகக் கேட்டார்: "ஆறு மாசமா சுத்த தன்யாசில அதே பிடிதான் வாசிச்சிண்டிருக்கார். பல்லவி எப்போ எடுப்பார்?"

போன ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்து உட்கார வைத்தார். பாலத்தின் பக்கமிருக்கும் பிரிட்ஜ் பிக்கப்பை மாற்றி முடித்திருந்தார். முதலில் செல்போனில் பழைய சத்தம்; பிறகு நேரில் புதியது. அதே துணுக்கு.

"எப்படி சார்?"

"அடியில ஒரு கனம் வந்திருக்கு சார்" என்றேன். நிஜமாகவே வந்திருந்தது.

அவர் கண் கலங்கியது. "அதான் சார். அல்னிகோ 2 காந்தம். அந்த இனிமைக்குத்தான் இத்தனை வருஷம்..."

தண்ணீர் குடிக்க வந்த ஒன்பதாம் வகுப்பு மகள் கிட்டாரை ஒரு பார்வை பார்த்தாள். "அப்பா, சுவிட்ச் நெக்ல இருக்கு."

நாங்கள் இதுவரை மெச்சியது, கழுத்துப் பக்கம் கிடந்த பழைய பிக்கப்பை. அந்த இடத்தில் எதைப் போட்டாலும் கனமாகத்தான் கேட்கும். அவர் ஒன்றும் பேசாமல் சுவிட்சைப் புதியதற்குத் தள்ளினார். மீட்டினார். சத்தமே இல்லை. எங்கோ சால்டர் பிடிக்கவில்லை.

கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஆனா ஹம்மே இல்ல, கவனிச்சீங்களா?"

யாருக்காவது நல்ல பிக்கப் வேண்டுமானால் சொல்லுங்கள், கேட்டு வாங்கித் தருகிறேன். அவர் கழற்றிப் போட்டது ஒன்பது இருக்கிறது. எல்லாம் புதுசு மாதிரி. ஒயரை மட்டும் கொஞ்சம் குட்டையாக வெட்டியிருப்பார்.