பெருத்த சக்கரமும் மெலிந்த பொய்யும்: போடிமெட்டு ஜீப்புகளின் வேகமுள் குறித்து ஓர் ஆராய்ச்சி

போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் வழியே போடிமெட்டுக்கு ஏறும் ஜீப், பிக்கப் வண்டிகளில் கம்பெனி கொடுத்த டயரைக் கழற்றிவிட்டுப் பெரிய டயர் மாட்டினால், மீட்டர் பொய் சொல்லும் என்பது பொதுக்கொள்கை. இக்கட்டுரை அதை மறுக்கிறது. மீட்டர் முன்பும் பொய்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பெரிய டயர் அதன் காதைப் பிடித்து உண்மைக்குப் பக்கத்தில் இழுத்து வருகிறது என்பதே எம் துணிபு. டயர் இருவகைப்படும்: கழற்றியது, மாட்டியது. கழற்றியதைப் பற்றி மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை.

மாட்டியதற்கு வருவோம். பொலேரோ வகை வண்டிகளில் காணும் 215/75 ஆர்15 டயரின் விட்டம், பக்கவாட்டில் அச்சிட்ட எண்களைப் பெருக்கிக் கூட்டினால், 703.5 மில்லிமீட்டர். 235/75 ஆர்15 டயருக்கு 733.5. ஒரு சுற்றுக்கு முன்னது 2.21 மீட்டர் உருளும், பின்னது 2.30. இது மீட்டருக்குத் தெரியாது. 1902-ல் ஸ்ட்ராஸ்பர்க்கைச் சேர்ந்த ஓட்டோ ஷுல்ட்சே காப்புரிமை வாங்கிய முறைப்படி, பழைய ஜீப்புகளில் கியர் பக்கமிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தம் ஓர் உலோகக் கிண்ணத்தை இழுக்கும். மெல்லிய சுருள்கம்பி விடமாட்டேன் என்று தடுக்கும். இடையில் மாட்டிக்கொண்ட முள் ஓரிடத்தில் நிற்கும். அது எண்ணுவது சுற்றுகளைத்தான். சாலையை அது கண்ணால் கண்டதில்லை. (நூலைப் பிரிக்காமலே மதிப்புரை எழுதுவோர் இதைக் குறையாகச் சொல்ல மாட்டார்கள்.) ஆகவே முள் 30 என்னும்போது, பெரிய டயர் வண்டி 31.3-ல் போய்க்கொண்டிருக்கும். இதற்கு மேற்கோள் வேண்டுவோர், இன்னும் எழுதப்படாத ‘சக்கரவியல்’ மூன்றாம் இயலைக் காண்க.

இங்கேதான் பொதுக்கொள்கையார் வெற்றி முழக்கமிடுகிறார்கள். அவர்கள் மறந்தது ஐ.நா.வின் வாகன விதி 39. முள் உண்மை வேகத்துக்குக் கீழே காட்டவே கூடாது; மேலே மட்டும், அவ்வேகத்தின் பத்தில் ஒரு பங்கோடு 4 கிலோமீட்டர் சேர்த்துக் காட்டலாம் என்கிறது அது. 30-ல் போகும் வண்டி 37 என்று சொன்னாலும் குற்றமில்லை. வம்பு எதற்கென்று தயாரிப்பாளர்களும் முள்ளைச் சற்றே தூக்கி வைப்பது வழக்கம். கம்பெனியின் பொய் மேல்நோக்கியது. டயர்க்கடையின் பொய் கீழ்நோக்கியது. இரண்டும் மோதிக்கொண்டால் மிஞ்சுவது ஏறத்தாழ உண்மை.

டயர் தேயுமே என்பது தடை. தேயும். புதுப் பட்டன் 8 மில்லி ஆழம் என்று கொண்டு (போடியில் 8 மில்லி என்றால் சல்லடையில் நின்ற முதல்தர ஏலக்காய், இங்கே டயரைக் குறிக்கும்), 1.6 மில்லிக்குத் தேய்ந்தால் விட்டத்தில் 12.8 மில்லி போய்விடும். 4.3 சதவீதக் கூடுதல் 2.4 ஆகச் சுருங்கும். ரீட்ரெட் போட்டால் பழைய உண்மை திரும்பும். உண்மைக்கு ரீட்ரெட் உண்டா என்ற வினாவைச் ‘சக்கரவியல்’ மூன்றாம் இயலுக்குக் கிடைக்காமல்போன பழையவுரை விரிவாக ஆராய்ந்திருக்க வேண்டும்.

இனி வளைவுகள். இம்மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 17. இது ஒற்றைப்படை எண் என்பதன் ஆழத்தை உணர்ந்தார் இலர். இடமும் வலமும் மாறிமாறி வருவதாகவும், ஒவ்வொன்றும் அரைவட்டம் என்றும், எதிரெதிர்த் தடங்களுக்கு இடையே 3 மீட்டர் என்றும் கொள்வோம். வளைவுக்கு வளைவு உள்தடம் வெளித்தடத்தைவிட 9.4 மீட்டர் குறைவு. பதினாறு வளைவுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட, பதினேழாவது அநாதையாக நிற்கும். அதனால் ஏறும் பாதைக்கும் இறங்கும் பாதைக்கும் 9.4 மீட்டர் வேறுபாடு உண்டு; டயர் எதுவாயினும் உண்டு. வளைவை அறுத்துக்கொண்டு எதிர்த்தடத்தில் ஏறும் டிரைவர்கள் இக்கணக்கைக் குலைக்கிறார்களே எனலாம். அது பாடபேதம். மேற்படி கிடைக்காத பழையவுரையில் கறையான் தின்ற ஏட்டின், தின்னாத ஓரத்தில், பிற்காலத்தார் ஒருவர் பென்சிலால் எழுதி அழித்த குறிப்பு இதை ஏற்கிறது.

அளவுப் பிழையைப் பற்றி ஆய்வுலகம் ரொம்பவும் பதற வேண்டியதில்லை. முச்சங்கங்கள் 4440, 3700, 1850 ஆண்டுகள் நடந்ததாக இறையனார் அகப்பொருளுரை சொல்கிறது. மூன்றும் 37-ஆல் மீதியில்லாமல் வகுபடும், கூட்டினால் 9990. நாலிலக்க ஓடோமீட்டர் பத்தாயிரத்தில் பூஜ்யமாகிவிடும் என்று தெரிந்த யாரோ சரியான சமயத்தில் கேபிளைக் கழற்றியிருக்கிறார். அந்த மீட்டரை நம்பி மாநாடு கூட்டுவோர், நாலு சதவீதத்துக்காகப் போடி டிரைவர்மேல் பாய்வது முறையன்று.

ஓடோமீட்டரும் குறைத்துக் காட்டுமே என்பது கடைசித் தடை. ஆம், 1000 கிலோமீட்டர் ஓடியது 959 என்றே பதிவாகும். வாடகையைக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாங்கும் ஓனருக்கு இது நட்டம். வண்டியை விற்கப்போகும் ஓனருக்கு லாபம். இருவரும் ஒருவரே என்பதால் இதைத் தத்துவத் துறைக்கு விட்டுவிடலாம். ஆனால் பின்சக்கரம் பஞ்சராகி, பழைய அளவிலேயே கிடக்கும் ஸ்டெப்னியை மாட்டினால் என்ன ஆகும்? ஒரு பின்சக்கரம் பெரிது, ஒன்று சிறிது. டிபரென்ஷியல் இரண்டுக்கும் சராசரி எடுத்துக் கொடுக்க, மீட்டர் பிழை பாதியாகும். வண்டி ஒருபக்கம் சாயும். அதே ஸ்டெப்னியை முன்சக்கரத்தில் மாட்டினால் மீட்டருக்குச் சேதியே போகாது.