ஹாம்பர்க் சொறிக்கு மலாயாப் பத்து

1881ஆம் ஆண்டு கோலாலம்பூருக்குச் சனி பிடித்த ஆண்டு. ஜனவரியில் தீ, டிசம்பரில் வெள்ளம். அத்தாப்புக் கூரையும் மரப்பலகையுமாக இருந்த ஊரில் எரிந்தது போக மிச்சம் மிதந்தது. மறு ஆண்டு ரெசிடெண்டாக வந்த ஃபிராங்க் சுவெட்டன்ஹாம், இனிமேல் செங்கல்லும் ஓடும்தான் என்று உத்தரவு போட்டார். உத்தரவு போடத் துரை, மண் மிதிக்க வேறு ஆள். களிமண் கிடைத்த இடத்தில் சூளைகள் புகைந்தன. அதுதான் நம் பிரிக்ஃபீல்ட்ஸ். களிமண்ணுக்குள் ஒளிந்திருக்கும் இரும்பு, சூளைச் சூட்டில் ஆக்சிஜனோடு கூடி ஃபெரிக் ஆக்சைடாகும். செங்கல் சிவப்பது அதனால்தான். பாடப்புத்தகத்தில் ஆக்சைடு, வீட்டுக் கதவுக் கீலில் துரு.

இங்கே இந்த அமளி நடந்துகொண்டிருந்தபோது, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பால் பையர்ஸ்டார்ஃப் என்ற மருந்துக்கடைக்காரருக்கு வேறு கவலை. அவருடைய கூட்டாளி பால் கெர்சன் உன்னா தோல் நோய் மருத்துவர். களிம்பு எழுதிக்கொடுத்தால் நோயாளி பூசிக்கொள்வார். பாதி மருந்து சட்டைக்குப் போய்விடும். சட்டைக்குச் சொறி இல்லை.

1882 மார்ச் 28ஆம் தேதி பையர்ஸ்டார்ஃப் காப்புரிமை வாங்கினார். மெல்லிய துணியில் குட்டா பெர்ச்சா என்ற மரப்பாலைப் படலமாகப் பூசி, அதன்மேல் மருந்தைத் தடவி, அப்படியே தோலில் ஒட்டிவிடுவது. நம் பாட்டிகள் போட்ட பத்துதான், ஆனால் இதற்கு முத்திரைத்தாள் உண்டு. குட்டா பெர்ச்சா நீரை விடாது. வியர்வை வெளியேற வழியில்லாமல் தோல் ஊறி இளகும். மருந்து உள்ளே இறங்கும். ‘பாலிமர் வழி மருந்து செலுத்துதல்’ என்று இன்று பல்கலைக்கழகத்தில் படம் போட்டு விளக்குகிற சங்கதியில் பாதி இவ்வளவுதான்.

அந்தக் குட்டா பெர்ச்சா ஹாம்பர்க்கில் முளைக்கவில்லை. மலாயா, சுமத்ரா, போர்னியோ காடுகளில் நின்ற மரத்தின் பால் அது. வெந்நீரில் போட்டால் இளகும், ஆறினால் இறுகும். மலாய்க்காரர்கள் அதில் பாராங் கத்திக்குப் பிடி செய்து, வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். 1840களில் சிங்கப்பூரில் இருந்த மாண்ட்கோமரி என்ற மருத்துவர் கண்ணில் அது பட்டது. மரத்துக்கு அன்றே விதி முடிந்தது. 1848 வாக்கில் அதைக் கோல்ஃப் பந்தாக்கினார்கள். 1851இல் டோவருக்கும் கலேவுக்கும் இடையே கடலடித் தந்திக் கம்பிக்கு அதையே உறையாக்கினார்கள். பால் வேண்டுமென்றால் மரத்தையே வெட்டிச் சாய்ப்பதுதான் அப்போதைய முறை. துரைமார் பந்தடிக்கவும் தந்தியடிக்கவும் காடு விழுந்தது.

வேதியியல்படி குட்டா பெர்ச்சாவும் ரப்பரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இரண்டும் ஐசோபிரீன் கோத்த சங்கிலிதான். அணுக்கணக்கில் இம்மியும் வித்தியாசமில்லை. இரட்டைப் பிணைப்பைத் தாண்டும்போது சங்கிலி ஒரே பக்கமாகத் திரும்பினால் சிஸ். சுருண்டு நெளிந்து, இழுத்தால் நீளும். அது ரப்பர். எதிர்ப்பக்கம் போனால் டிரான்ஸ். வரிசையாக அடுக்கி விறைத்து நிற்கும். அது குட்டா பெர்ச்சா.

சிஸ் பிள்ளையின் கதை நமக்கு மனப்பாடம். 1876இல் விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார்; மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. விதையைப் பையில் போட்டுக்கொண்டு தோட்டம் தோட்டமாய் அலைந்த தாவரவியலாளர் ரிட்லியைப் பைத்தியம் என்றார்கள். காப்பி விலை சரிந்ததும் அதே துரைமார் பைத்தியத்திடம் விதை கேட்டார்கள். பிறகு கப்பல், கங்காணி, லயம், பெரட்டு. இருட்டோடு எழுந்து உளியைத் தீட்டி, மங்கு மங்காகப் பால் சேர்த்து, காண்டாவாளி சுமந்தது யார் என்று உங்கள் பாட்டியைக் கேளுங்கள்.

இதற்கிடையே ஹாம்பர்க்கில் பையர்ஸ்டார்ஃபின் கடை கைமாறியது. புது முதலாளி டிராப்லோவிட்ஸ் ரப்பரில் ஒட்டுப்போடும் பட்டை செய்து பார்த்தார். ஒட்டியது, நன்றாகவே ஒட்டியது. எடுக்கும்போதுதான் தோலும் கூட வருவேன் என்றது, போதாததற்கு அரிப்பு. மனிதர் கலங்கவில்லை. 1896இல் அதையே சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டும் பட்டை என்று விற்றார். நம் செட்டியார்களே எழுந்து நின்று கும்பிட வேண்டிய மூளை.

கோளாறைச் சரிசெய்ய வந்தது துத்தநாக ஆக்சைடு. பள்ளியில் ‘ஈரியல்பு ஆக்சைடு’ என்று இதைத்தான் படித்தோம்: அமிலத்தோடும் சேரும், காரத்தோடும் சேரும், எல்லாக் கட்சியிலும் உறுப்பினர். ஒட்டுப்பசையில் கலக்கும் பிசினின் அமிலத்தை அது அடக்கிவிடும், அரிப்பு தணியும். 1901இல் வெள்ளை நிறத்தில் லியூக்கோபிளாஸ்ட் வந்தது. அதே ஆண்டுதான் கிள்ளானில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தையும் திறந்தார்கள். இதே துத்தநாகத்தைப் புடம்போட்டு நாகப் பற்பம் செய்த நம் சித்த வைத்தியர்கள், அதை ஊர் ஊராய் அனுப்பக் கப்பல் கம்பெனி எதுவும் வைத்திருக்கவில்லை.

அம்மை போட்டால் தடவும் காலமைன் லோஷனும் இதே ஆக்சைடுதான். அந்த ரோஸ் நிறம், கூடக் கலந்த இத்தனூண்டு ஃபெரிக் ஆக்சைடின் உபயம். பிரிக்ஃபீல்ட்ஸ் செங்கல்லின் சொந்தக்காரன்.

இப்போது மருந்துப் பட்டைகளில் பெரும்பாலும் அக்ரிலிக், சிலிகான் என்று ஆலையில் பிறந்த பாலிமர்கள்தான். குட்டா பெர்ச்சாவுக்கு மட்டும் ஓர் உத்தியோகம் நிலைத்துவிட்டது. பல்லுக்கு வேர் சிகிச்சை செய்தால், துளைத்த ஓட்டையில் மருத்துவர் மெல்லிய குச்சி ஒன்றை அடைப்பார். அதில் பாதிக்கு மேல் துத்தநாக ஆக்சைடு, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குட்டா பெர்ச்சா. பாராங் பிடியும் பற்பமும் இப்படி ஒரே பல்லுக்குள் குடித்தனம் நடத்துகின்றன. மலாய்க்காரர் சும்மா பிசைந்து வைத்திருந்த பொருள்தானே என்று பில்லைப் பார்த்துவிட்டு அங்கே வாதாட முடியாது, வாய் மரத்துப்போயிருக்கும்.