ஒரு பீப்பா தார்

முரட்டு ஜீப் இரண்டை ஒப்பிட்டுப் பார்ப்பது, அதில் ஒன்றை வாங்குவதற்கு முன் செய்யும் வேலை என்பது பொதுவான நம்பிக்கை. இலங்கை மலையகத்து இறம்பொடையில் அது வாங்குவதற்குப் பதிலாகச் செய்யும் வேலை. இதற்குப் பணம் வேண்டாம், லைசன்ஸ் வேண்டாம். ஒரு பிளேன்டீ, மறுத்துப் பேச எதிரில் ஓர் ஆள், சார்ஜ் உள்ள ஃபோன் இருந்தால் போதும்.

கடந்த ஞாயிறு பின்னேரம் சந்தித் தேநீர்க்கடையில் மூன்று மணிக்குத் தொடங்கிய ஒப்பீடு ஆறரை தாண்டியும் ஓயவில்லை. அதன் பயனாக இக்கட்டுரையாளர் மேல் தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டார். நான்கு கிலோமீற்றர் மழையில் ஏறினார். வாங்கிவரச் சொன்ன பாணை வீட்டில் பிழிந்து வைத்தார். அங்கே கிடைத்த வரவேற்பு இக்கட்டுரையின் எல்லைக்குள் வராது. மஹிந்திரா தார், சுசுக்கி ஜிம்னி ஆகிய இரண்டில் எது சிறந்தது என்பதே இங்கு பொருள். அது கட்டுரையின் முடிவில் கூறப்படும்.

இறம்பொடைக் கணவாயில் வாகன ஒப்பீட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. நுவரெலியாவில் ஆங்கிலேயப் பண்ணை ஒன்றை அமைக்க 1848இல் ஆட்களையும் மாடுகளையும் கப்பலேற்றிய சாமுவேல் பேக்கர், 1855இல் வெளியிட்ட நூலில் அதைப் பதிந்திருக்கிறார். அவருடைய குதிரைக்காரர் குடிபோதையில் குதிரைவண்டியை இந்தக் கணவாயில் பள்ளத்துக்குள் இறக்கினார். விழுந்ததை இழுத்துவர யானை அனுப்பப்பட்டது. அதே ஆள் அந்த யானைமேல் ஏறி, மலை நெடுக ஓட்டமாய் ஓட்டினார்; யானை உயிரை விட்டது. ஒரே ஏற்றம், ஒரே ஓட்டுநர், இரண்டு வாகனம்: ஒப்பீட்டின் இலக்கணம் அன்றே முழுமை பெற்றுவிட்டது. இரண்டில் எது தேவலை என்று மட்டும் இன்றுவரை முடிவாகவில்லை.

அடுத்த கட்டம் ஜீப்புடையது. 1948 ஏப்ரல் 30 அன்று அம்ஸ்ரடாம் கண்காட்சியில் லேண்ட்ரோவர் முதன்முதலாகக் காட்டப்பட்டது. போருக்குப் பின் உருக்குத் தட்டுப்பாடு நிலவியதால் அதன் உடம்பு அலுமினியக் கலவையில் அடிக்கப்பட்டது. மலையகத்தில் நெடுங்காலம் ஜீப் என்றால் அது துரையின் ஜீப். அக்காலத்தில் தொழிலாளி எந்த ஜீப்பையும் இன்னொன்றோடு ஒப்பிட்டதில்லை. சத்தம் கேட்டால் தேயிலைப் பக்கம் ஒதுங்கி நின்றார், அவ்வளவுதான். இன்று அவருடைய பேரன் லேண்ட்ரோவரைப் பற்றி, 'அது பழைய மொடல், பார்ட்ஸ் கிடைக்காது' என்று உதட்டைப் பிதுக்குகிறார். முன்னேற்றம் இல்லை என்று யார் சொன்னது?

இனி ஒப்பிடப்படும் வண்டிகள். ஜிம்னி 1970இல் 359 சிசி எஞ்சினோடு ஜப்பானில் பிறந்தது. இப்போதுள்ள சதுர உருவம் 2018இல் வந்தது. மஹிந்திரா 1940களின் பிற்பகுதியில் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டத் தொடங்கிய கம்பனி. அந்த வம்சத்தில் 2010இல் தார் வந்தது. இன்றைய உருவம் 2020 ஒக்டோபர் 2 அன்று விற்பனைக்கு வந்தது. பெயர் ராஜஸ்தான் பாலைவனத்துடையது. பாலைவனத்தின் பெயர் தாங்கிய வண்டியை, 109 மீற்றர் உயர நீர்வீழ்ச்சியின் காலடியில் உட்கார்ந்து, ஈரக்குடையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு புகழ்வதில் யாருக்கும் முரண்பாடு தெரிவதில்லை.

தெரிந்த முரண்பாடு வேறு. தமிழில் தார் என்றால் ரோட்டுக்கு ஊற்றுவது. ஞாயிறன்று இது பெரும் குழப்பத்தை உண்டாக்கியது. மூலை வாங்கிலில் ரேடியோவுக்குக் காது கொடுத்திருந்த ஒரு பெரியவர், 'தார் வந்தா நம்ம தோட்டத்து ஏத்தமெல்லாம் ஒண்ணுமே இல்ல' என்ற வாக்கியத்தைக் கேட்டு நிமிர்ந்தார்.

"தாரா? எப்ப தம்பி வருது?"

"கப்பல்ல வரணும் தாத்தா."

"எத்தன பீப்பா?"

"பீப்பாவா? ஒண்ணுதான்."

"ஒண்ணு எப்புடிப்பா காணும்? ரெண்டு மைலு ரோடு!"

"அது வந்தா ரோடே தேவல்ல தாத்தா."

பெரியவர் சிறிது நேரம் யோசித்தார். ஐம்பது வருடமாக அவர் கேட்டுவரும் பதில்களில் இது புதிது. தார் அடுத்த வருடம் வரும் என்று சொன்னவர்கள் உண்டு. எலெக்‌ஷனுக்குப் பிறகு வரும் என்று சொன்னவர்கள் உண்டு. வந்து கொத்மலையோடு நின்றுவிட்டது என்று சொன்னவர்களும் உண்டு. தார் வந்தால் ரோடே தேவையில்லை என்று யாரும் சொன்னதில்லை. "நல்ல தாரு போல" என்றார். கல்லெல்லாம் யார் பரப்புவது என்று விசாரித்தார். கல்லில்தான் அது நன்றாகப் போகும் என்று பதில் வந்தது. ரோலர் வருமா என்றார். நாலு சக்கரமும் இழுக்கும், ரோலர் எதற்கு என்றார்கள். மழைக்குக் கரையாதா என்றார். 650 மில்லிமீற்றர் தண்ணிக்குள் நின்றாலும் ஒன்றும் ஆகாது என்றார்கள். என்ன நிறம் என்று கேட்கத் தேவையில்லை என்று நினைத்திருந்தவருக்கு, சிவப்பிலும் வரும் என்ற தகவல்தான் கடைசி அடி. சுருட்டை அணைத்துவிட்டுப் புறப்பட்டார். உரிய பஸ்ஸைச் சரியாகப் பிடித்தவர் அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவரே. திங்கட்கிழமை காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக் களத்தில், தோட்டத்துக்குச் சிவப்புத் தார் வரப்போகிறது என்ற செய்தி பரவியிருந்தது. ஒரு பீப்பாவை மேல் லயத்துக்குக் கொடுப்பதா, கீழ் லயத்துக்குக் கொடுப்பதா என்று சண்டையும் தொடங்கியிருந்தது. உண்மையைச் சொல்லும் பொறுப்பை இக்கட்டுரையாளர் உட்பட எவரும் ஏற்கவில்லை. சொன்னால் பெரியவர் சும்மா தலையாட்டிவிட்டுப் போவார். அதைப் பார்க்கத்தான் முடியாது.

அளவுகளுக்கு வருவோம். முன் டயரைத் தொட்டபடி முன்பக்கத்தின் அடிவிளிம்புக்கு இழுக்கும் கோடு, தரையோடு செய்யும் கோணம் அணுகு கோணம். அது பெரிதாக இருந்தால் செங்குத்தான மேட்டில் மூக்கு இடிக்காது. பின்பக்கம் அதே கணக்கு விலகு கோணம். மூன்று கதவு ஜிம்னிக்கு முன்னால் 37 பாகை, பின்னால் 49. தாருக்கு முன்னால் 41.8, பின்னால் 36.8. அடிவயிற்றின் உயரம் ஜிம்னிக்கு 210 மில்லிமீற்றர், தாருக்கு 226. ஞாயிறன்று இவை ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் பாகைமானியால், சரித்து வைத்த பிஸ்கட் டின்மேல் நிரூபித்துக் காட்டப்பட்டன. பிள்ளையின் வீட்டுக்கணக்கு அப்படியே நின்றது.

இந்த எண்களின் பொருள் எளிது. முன்னோக்கிப் போகிறவருக்குத் தார். பின்னோக்கி வருகிறவருக்கு ஜிம்னி. மலை ரோட்டில் வளைவில் பஸ்ஸும் ஜீப்பும் நேருக்கு நேர் சந்தித்தால் ரிவர்ஸ் எடுப்பது எப்போதும் ஜீப்தான். ஆகவே இறம்பொடையில் பின்கோணத்துக்கே மதிப்பு அதிகம் என்று வாதிடலாம். ஒருவர் அப்படி வாதிட்டார். அவரைப் பயந்தாங்கொள்ளி என்றார்கள்.

நீரில் இறங்கும் ஆழம் தாருக்கு 650 மில்லிமீற்றர். ஜிம்னிக்கு அதைவிடக் குறைவு. புதிய டிஃபெண்டர் 900 மில்லிமீற்றர் வரை தாங்கும் என்று ஒருவர் இடையில் போட்டு உடைத்தார். இறம்பொடையில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை, ஆனால் அது நிற்பதில்லை. மேலிருந்து விழுகிறது, ரோட்டைக் கடக்கிறது, கொத்மலை நீர்த்தேக்கத்துக்குப் போய்ச் சேர்கிறது. 650 மில்லிமீற்றரை இங்கே பயன்படுத்த வேண்டுமானால் வண்டியை நீர்த்தேக்கத்துக்குள்தான் விட வேண்டும். ஆழம் பார்க்கும் வண்டி உண்மையில் தேவைப்படுவது மழை நாளில் கொழும்பில். மலையில் தண்ணீர் வாசற்படியால் அல்ல, தகரத்தால் வருகிறது. இடுப்பில் படங்கும் தலையில் கொங்காணியுமாக மழையில் கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு எத்தனை மில்லிமீற்றர் தாங்கும் என்று எந்தக் கம்பனியும் புத்தகம் போட்டதில்லை.

உள்ளிடம். மூன்று கதவு ஜிம்னியில் பின் இருக்கையை நிமிர்த்தி வைத்தால் சாமானுக்கு 85 லீற்றர் இடம் மிஞ்சும். ஓர் அரிசி மூடையும் ஒரு பலாக்காயும் வைக்கலாம். இரண்டாவது பலாக்காய் மடியில். மூன்று கதவுத் தாரிலும் பின்னால் ஏற முன் இருக்கையை மடக்க வேண்டும். முழங்கால் வலியுள்ள அப்பாயியைப் பின்னால் ஏற்றுவதற்கு எத்தனை பாகை தேவை என்ற கேள்வி எழுந்தபோது, அப்பாயியை முன்னால் வைத்துவிட்டு மனைவியைப் பின்னால் அனுப்பலாம் என்று தீர்மானமானது. அந்தத் தீர்மானத்துக்கு மனைவிமார் எவரும் அழைக்கப்படவில்லை.

கடைசியாக விலை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1 அன்றுதான் மறுபடி திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடமே ஒப்பீட்டின் பொற்காலம். வராத வண்டியில் பழுது வராது, லீசிங் வராது. 2022இல் பெற்றோலுக்கு நின்ற வரிசையில், லீற்றருக்கு எது அதிகம் ஓடும் என்ற விவாதம் விடியவிடிய நடந்தது. நின்றவர்களில் பாதிப்பேர் கையில் இருந்தது கான். இறக்குமதிக் கதவு திறந்தபின் எஞ்சின் கொள்ளளவைப் பார்த்து வரி, சொகுசு வரி, அதன்மேல் 18 வீத வற் வரி என்று அடுக்கடுக்காக ஏறி, பலருக்கு வண்டியைவிட வரி பெரிதாயிற்று. ஜப்பானில் விற்கும் 658 சிசி ஜிம்னிக்கு இங்கே திடீர் மரியாதை வந்ததன் காரணம் இதுவே. நாலு பேரோடு அது இந்த ஏற்றம் ஏறுமா என்பதற்கு, ஒருவரை இறக்கிவிட்டால் ஏறும் என்று விடை தரப்பட்டது.

ஒரு வண்டி ஒரு கோடி ரூபாய் என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 2024 செப்டம்பரில் நிர்ணயமான 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் 7,408 நாள் பேர் போட்டு உழைக்க வேண்டும். மாதம் 25 நாள் என்றால் 24 வருடமும் எட்டு மாதமும். அதுவரை சாப்பிடக்கூடாது. கணக்கைப் போட்டவுடன் கடையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு யாரோ, "அப்ப, அலோய் வீலா, சாதா வீலா?" என்று கேட்டார். எல்லாருக்கும் உயிர் வந்தது.

எது சிறந்தது என்று கூற வேண்டிய இடம் இது. ஞாயிறன்று முடிவு நாக்கு நுனிக்கு வந்த நேரம் கடைக்காரர் பலகையை அடித்தார். ஏழு பிளேன்டீக்கான காசை யார் கொடுப்பது என்ற அடுத்த ஒப்பீடு தொடங்கியது. இக்கட்டுரையாளர் கைக்குறிப்புப் புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நடந்தார். காப்பெட் ரோட்டில் நுவரெலியா பக்கம் போன முரட்டு ஜீப் இரண்டு, காலில் சேறடித்துவிட்டுப் போயின. என்ன மொடல் என்று மட்டும் கவனிக்க முடிந்தது. தோட்டத்துக் கல்லு ரோட்டில் பின்னால் வெளிச்சம் தெரிந்தது ஒரே தடவை. வந்தது பழைய ஓட்டோ. உள்ளே ஐந்து பேர், ஒரு காஸ் சிலிண்டர், கண்ணாடியில் முருகன். எந்தக் கோணமும் அளக்கப்படாத அந்த வண்டி வழுக்கி, உறுமி, வளைவில் ஏறி மறைந்தது. அதில் இடமிருக்கவில்லை.

கடைசி பஸ் ஆறேகாலுக்கு. ஒப்பிட வேண்டியவர்கள் ஆறு மணிக்குள் ஒப்பிட்டு முடிக்கவும்.