லேஞ்சி ஆட்சி: கோச்சியில் சீட் பிடித்தல் பற்றிய ஓர் ஆய்வு

தீபாவளிக்கு முந்திய நாள்களில் கொழும்பு கோட்டை நிலையத்துக்குப் போய் நின்றால் போதும், ஆய்வுக்கு வேறு களம் தேவையில்லை. பதுளைக் கோச்சி இன்னும் மேடையில் முழுதாக நின்றிருக்காது. அதற்குள் ஜன்னல்கள் வழியே லேஞ்சிகள் பறக்கும். ஒரு லேஞ்சிக்கு ஒரு சீட். துவாய் என்றால் மூன்று. துணிக்குச் சொந்தக்காரன் கதவடியில் நசுங்கிக்கொண்டிருப்பான். ஆனாலும் அவன் உட்கார்ந்துவிட்டான் என்பதுதான் சட்டம். அது எந்த வர்த்தமானியிலும் வெளியானதில்லை. எனினும் வர்த்தமானியில் வந்த பல சட்டங்களைவிட ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

முதலில் சொல்லாராய்ச்சி. கைக்குட்டை என்பது பாடப்புத்தகத்தில் இருப்பது. சட்டைப் பையில் இருப்பது லேஞ்சி. போர்த்துக்கேயச் சொல். கண்டி மலையைப் பிடிக்கப் பலமுறை படையெடுத்துத் தோற்ற போர்த்துக்கேயர், 1658இல் தீவை விட்டே போனார்கள். அவர்கள் விட்டுப்போன துணியோ மலையேறி, நானுஓயா வரைக்கும் இடம் பிடித்துவிட்டது.

இந்த ஆட்சிமுறையின் தொன்மையை அயோத்தியில் தேட வேண்டும். அண்ணன் காட்டில் இருக்க, அவனுடைய பாதுகைகளை அரியணையில் வைத்துப் பதினான்கு ஆண்டுகள் சீட் பிடித்து வைத்தான் பரதன். இடையில் யாரும் வந்து “இது யார் செருப்பு?” என்று தள்ளி வைத்துவிட்டு உட்காரவில்லை. மூன்றாம் வகுப்பில் இன்று செருப்பை வைத்துப் பார்க்க ஆய்வாளர் எவரும் துணியவில்லை. திரும்பும்போது சீட்டும் இருக்காது, செருப்பும் இருக்காது.

சான்றுப் பொருள்களுக்குள் வலிமை வேறுபாடு உண்டு. பத்திரிகைத் தாள் பலவீனமானது; படிக்க எடுப்பதுபோல் எடுத்து, அப்படியே உட்கார்ந்துவிடலாம். தண்ணீர்ப் போத்தல் உருண்டுவிடும். குடை நல்லது, நீளவாட்டில் கிடத்தினால் இரண்டு பேருக்குப் போதும். எல்லாவற்றிலும் வலியது ஜன்னல் வழியாக உள்ளே இறக்கப்படும் பிள்ளை. அது வாய் திறந்து “ஆள் இருக்கு” என்று சொல்லும். காலியான சீட்டைக் காட்டி ‘ஆள் இருக்கு’ என்று சொல்லவும், அதைக் கேட்டவர் நம்பி நகரவும் தேவையான மெய்யியல் பயிற்சி, எந்தப் பல்கலைக்கழகமும் தராதது.

இவ்வளவு பாடு எதற்கு என்பதற்கு விடை தண்டவாளத்தில் இருக்கிறது. கோட்டையிலிருந்து பதுளைக்கு ஏறத்தாழ 290 கிலோமீட்டர். பொடி மெனிக்கே என்ற கோச்சி அதை ஓடி முடிக்க ஒன்பது, பத்து மணி நேரம் ஆகும். சாரதி சோம்பேறி என்று சொல்வது அநியாயம். மலைப் பகுதியில் 44 அடி ஓடினால் ஒரு அடி ஏற வேண்டிய இடங்கள் உண்டு. சில வளைவுகளின் ஆரம் சுமார் 100 மீட்டர்தான். அப்படி வளைந்து வளைந்து, சுமார் 1,900 மீட்டர் உயரத்திலுள்ள பட்டிப்பொல வரை ஏறியாக வேண்டும். 1885இல் நானுஓயாவுக்கும் 1924இல் பதுளைக்கும் பாதை போட்டவர்கள் மலையிடம் கேட்டு வாங்கிய வழி அது. அதி வேகக் கோச்சி விடப்போவதாக யாராவது வாக்குறுதி கொடுத்தால், முதலில் மலையிடம் சம்மதக் கடிதம் கேட்க வேண்டும். வேகத்தைக் கூட்ட முடியாத பாதையில் சீர்திருத்த மிஞ்சியிருப்பது இருக்கை ஒன்றுதான்.

இந்தக் கவலை புதிதன்று. 1917இல் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்த காந்தி, 22 பேருக்கான பெட்டியில் 35 பேருக்கு மேல் இருந்ததை எண்ணிப் பத்திரிகைகளுக்கு எழுதினார். பத்து ஆண்டு கழித்து 1927 நவம்பரில் மலையகத்துக்கும் வந்தார். லேஞ்சி விஷயத்தில் அவர் கருத்துக் கூறியதாகத் தெரியவில்லை.

முன்பதிவு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் இதே பாதையிலுள்ள எல்லவுக்குப் போகும் பயணச்சீட்டுகள் இணையத்தில் திறந்து ஒரு நிமிடம் ஆவதற்குள் தீர்ந்துபோன கதையை, 2025 தொடக்கத்தில் குற்றப் புலனாய்வுத் திணைக்களமே விசாரிக்க வேண்டி வந்தது. ஆய்வு நோக்கில் இது லேஞ்சி முறையின் மின்னணு வடிவம்தான். ஒரே வித்தியாசம், பழைய முறையில் லேஞ்சி வைத்திருப்பவன் முகத்தைப் பார்த்துச் சண்டை போடலாம்.

இனி ராகலைக்காரரின் வழக்கு. கொழும்புக் கடையில் வேலை செய்யும் ராகலைத் தோட்டத்துப் பையன், லேஞ்சி போட்டு, நின்று, நகர்ந்து, கடைசியில் ஹட்டனுக்கு அப்பால் உண்மையாகவே உட்கார்ந்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். கொஞ்ச நேரத்தில் நானுஓயா வந்துவிடும். இறங்கியாக வேண்டும். அங்கிருந்து ராகலைக்கு பஸ், அதற்கு வேறு லேஞ்சி.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. நானுஓயாவிலிருந்து 1903இல் நுவரெலியாவுக்கும், 1904இல் கந்தப்பளை வழியாக ராகலைக்கும் இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் குட்டிக் கோச்சி ஓடியது. மொத்தம் சுமார் 31 கிலோமீட்டர். கந்தப்பளை நிலையம் பட்டிப்பொலவையும் விட உயரம். லொறிகளும் பஸ்களும் பெருகிய காலத்தில் அந்தப் பாதை தளர்ந்து, 1940களில் இல்லாமல் போனது. துரைமாரின் தேயிலைப் பெட்டிகளை இறக்கத்தான் போட்டார்கள் என்றாலும், ராகலை என்ற பெயர் அன்று ரயில் அட்டவணையில் இருந்தது.

ஆகவே இந்த ஆய்வின் பரிந்துரை மிகவும் சிறியது. தண்டவாளத்தைத் திரும்பப் போடச் சொல்லவில்லை. பண்டிகைக் காலத்திலாவது மூன்றாம் வகுப்புச் சீட்டுகளுக்கு இலக்கம் ஒட்டலாம். கோட்டையில் வாங்கும் பயணச்சீட்டு ராகலை வரை செல்லலாம். நானுஓயாவில் ஒரு பஸ், கோச்சி எவ்வளவு பிந்தினாலும், அது வந்து சேரும்வரை நிற்கலாம். லேஞ்சியின் அதிகாரம் பறிபோவதை எதிர்த்து மேன்முறையீடு வரலாம், வந்தால் விசாரிக்கலாம்.

பழைய ராகலைப் பாதை போன ஊரில் இப்போதும் ஒரு ரயில் பெட்டியைப் பார்க்கலாம். கந்தப்பளையில் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று ஹோட்டலாகியிருக்கிறது; அதன் வளவில், புதுப்பித்த பழைய பெட்டி ஒன்று ‘டிசிகே 6685’ என்ற பெயரில் உணவகமாக நிற்கிறது. அது எங்கேயும் போகாது. இடிபடாமல் உட்காரலாம், ஆளுக்கொரு நாற்காலி உறுதி. அங்கேயும் துணி உண்டு. மடியில் விரித்துக்கொள்வார்கள்.