விறகுத் தொட்டி மாமாவுக்கு பின்லாந்திலிருந்து

அன்புள்ள மாமாவுக்கு,

பாலாற்றில் தண்ணீர் வந்ததா என்று எழுதவும். இந்தக் கடிதம் புரட்டாசிக்குள் வந்து சேர்ந்தால் அத்தை கண்ணில் படாமல் பரணில் போட்டுவைத்து, ஐப்பசி பிறந்ததும் படிக்கவும். உள்ளே முழுக்க மீன்.

கோடை வந்தால் இந்த ஊர்க்காரர்கள் ஏரிக்கரைக் குடிசைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். குடிசை என்றதும் இல்லாதப்பட்டவர்கள் என்று நினைக்காதீர்கள். பட்டணத்து வீட்டில் சகல வசதியும் உள்ளவர், தண்ணீர் சேந்தி, விறகு பிளந்து, கொல்லைப்புறக் கக்கூசுக்கு நடந்து போவதற்கு இங்கே விடுமுறை என்று பெயர். நம்மவர்கள் இதை வருஷம் முழுக்கச் செய்தபோது ஒருவரும் லீவு என்று சொல்லித்தரவில்லை.

அங்கே நடக்கும் பெரிய காரியம், மீனுக்குப் புகை போடுவது. மூடி போட்ட தகரப் பெட்டி, அடியில் ஒரு பிடி மரச்சீவல், மேலே கம்பித்தட்டு. மீனை உப்பில் ஊறவைத்து, ஈரம் போகத் துடைத்து, தட்டில் அடுக்கிப் பெட்டியை நெருப்பில் ஏற்றுகிறார்கள். சின்ன மீன் என்றால் அரை மணியில் பொன்னிறமாக வெந்துவிடும். நிறம் கூட வேண்டும் என்று சிலர் சீவலோடு சர்க்கரைக் கட்டி ஒன்றும் போடுகிறார்கள்.

எந்த மீன் என்பதில் இவர்களுக்குள் தகராறு இல்லை. தகராறெல்லாம் எந்த மரம் என்பதில்தான். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால்கூட ஜன்னலைப் பார்க்கிற ஜனங்கள், விறகைப் பற்றிக் கேட்டால் வாயை மூடுவதில்லை. உங்கள் தொட்டியில் வளர்ந்தவன் நான். எனக்கே மலைப்பாக இருந்தது.

இவர்கள் தீர்ப்பு ஆல்டர். ஏரிக்கரை ஈரத்தில் தானாக முளைக்கும் மரம். வெட்டினால் வெட்டுவாய் சிவந்துபோகும். இதன் உறவுமரம் ஒன்று நம் நாட்டிலும் சிக்கிம் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருக்கிறது. பிர்ச் இங்கே மலிவு. அடுப்புக்கு அது போதும். ஆனால் பட்டையில் தார் இருப்பதால் பட்டையோடு புகைத்தால் மீன் கருத்துக் கசக்கும். பைன் பக்கமே போகக்கூடாது. பிசின் எரிந்து கரி படிந்து, மீனில் டர்பன்டைன் வாடை அடிக்கும். நல்ல மரத்தில் இருக்கும் லிக்னின் சூட்டில் உடைந்து குவையகால், சிரிங்கால் என்று இரண்டு வாசனைகளைக் கொடுக்கிறதாம். வாயில் நுழையாத பெயர்கள், ஆனால் மூக்கில் நுழைந்துவிடுகின்றன.

புகை மெல்லியதாக, நீலம் பாய்ந்து வர வேண்டும். கெட்டியாக வெள்ளையாக வந்தால் நெருப்புக்குக் காற்று போதவில்லை, மீன் கசக்கப்போகிறது என்று அர்த்தம். ஈர விறகை எடைபோட்டுத் தள்ளிவிடும் தொட்டிக்காரர்கள் (உங்களைச் சொல்லவில்லை) இங்கே ஒரு கோடைகூடத் தாங்கமாட்டார்கள்.

ஒரு சேதி கேட்டால் உங்களுக்கு வயிறு எரியும். டெக்சாஸ்காரர்கள் இறைச்சிக்குப் புகை போட மெஸ்கிட் என்று ஒரு கட்டையைப் பாக்கெட் போட்டு விற்கிறார்கள். அது வேறொன்றுமில்லை, நம் வேலிகாத்தானுக்கு ஒன்றுவிட்ட தம்பி! வேரோடு பிடுங்கச் சொல்லி ஐகோர்ட் வரை போன மரத்தின் வம்சம், அங்கே காசு கொடுத்து வாங்கும் சரக்கு. ஆனால் முரட்டுப் புகை. மாட்டிறைச்சி தாங்கும், மீன் தாங்காது.

விசாரித்துப் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது இதுதான்: பிசின் இல்லாமல் பக்கத்தில் எது முளைத்ததோ, அதையே ஒவ்வொரு ஊரும் உலகத்திலேயே உசத்தி என்கிறது. நம் மாசிக்கருவாட்டையே பாருங்கள். மினிக்காய்த் தீவில் சூரையை வேகவைத்து, தேங்காய் மட்டை மூட்டிப் புகைபோட்டு, வெயிலில் காயவைக்கிறார்கள். அவர்கள் ஆல்டரைக் கண்டார்களா?

இந்த ஊர்க்காரர்கள் விறகுப் பெருமை பேசியபோது நானும் சும்மா இருக்கவில்லை. எங்கள் ஊர் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, அதில் 15 கட்டில் போட்ட ஆதுலர் சாலைக்கு வைத்தியர் சம்பளத்தோடு, மூலிகை பறித்து விறகும் கொண்டுவந்து மருந்து காய்ச்சும் இரண்டு பேர் சம்பளமும் வெட்டியிருக்கிறது என்றேன். விறகுக்காரன் கூலியை 950 வருஷத்துக்கு முன்பே கல்லில் எழுதிய ஊர் என்றதும், நெருப்புக்குப் பக்கத்து ஆசனம் எனக்கு.

தை பிறந்ததும் வருகிறேன். கானாங்கெளுத்தி வாங்கிக்கொள்ளலாம், எண்ணெய் உள்ள மீன்தான் புகையை நன்றாகப் பிடிக்கும். கட்டை உங்கள் பொறுப்பு. மாவோ கொய்யாவோ இருக்கட்டும். பழைய கதவு, ஜன்னல் பலகை எதுவும் வேண்டாம், பெயின்ட் விஷம். பிளைவுட்டும் கூடாது, அதில் பசை. உடைத்துப் போட்ட தறிமரம் சல்லிசாகக் கிடைக்கிறது என்று யாராவது தலையில் கட்டப் பார்ப்பார்கள். எத்தனை வருஷ எண்ணெய் குடித்ததோ, அதுவும் வேண்டாம். பட்டையை உரித்து, கார்த்திகை மழையில் நனையாமல் இப்போதே உள்ளே எடுத்து வைக்கவும். வண்டி கணக்கில் வேண்டாம் மாமா, ஒரு முறம் போதும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகன்